பேரும் அரைப்பேரும்: லிப்டன் எப்படித் தன் பேரைக் கட்டினார்?

கொஞ்ச நாளைக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தொழில் வழிகாட்டல் பட்டறைக்குப் போயிருந்தோம். வளவாளர் நல்லாத்தான் கதைச்சார். "இனிப் பட்டம் மட்டும் காணாது. உங்கட பேரை ஒரு பிராண்ட் ஆக்குங்கோ. லிங்க்டினில தேடினா நீங்கள் ஆரெண்டு உடன விளங்க வேணும்" என்றார். எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

இடைவேளையில் தேத்தண்ணி வந்தது. எங்களோடு வந்திருந்த தோழி ஒருத்தி அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளம். கிலோ குறைஞ்சா அரைப்பேர். எங்கம்மா முப்பது வருசமா பேர் எடுத்தாங்க. அவங்க பேரு வெளிய யாருக்குத் தெரியும்?"

அவளுடைய கோப்பையில் தேத்தண்ணிப் பையின் நூல் வெளியே தொங்கியது. நூல் நுனியில் ஒரு மஞ்சள் மட்டை. அதில் ஒரு மனிசரின் பேர் அச்சடித்திருந்தது: லிப்டன்.

பட்டறையில் சொல்லித் தந்த வேலையை 130 வருசத்துக்கு முதலே செய்து காட்டியவர் அந்த மனிசர். அதுவும் எங்கட நாட்டு மலைகளை வைத்து. அவர் அதை எப்படிச் செய்தார், அந்தப் பேர் எதன்மேல் நின்றது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

குறி சுடுதல்

"உன்னையே ஒரு பிராண்ட் ஆக்கு" என்ற பேச்சைப் பெரிதாகப் பரப்பியது ஒரு பத்திரிகைக் கட்டுரை. 1997இல் அமெரிக்காவின் 'பாஸ்ட் கொம்பனி' சஞ்சிகையில் டொம் பீற்றர்ஸ் என்ற முகாமைத்துவ எழுத்தாளர் அதை எழுதினார். நீ எங்கே வேலை செய்தாலும் 'நான்' என்ற கொம்பனிக்கு நீதான் தலைவர், அந்தக் கொம்பனியை நீயே சந்தைப்படுத்து என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்தைக் கவனிக்க வேண்டும். 80களிலும் 90களிலும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் சேர்ந்து ஓய்வூதியம் வரைக்கும் போகலாம் என்ற நம்பிக்கை உடைந்துகொண்டிருந்தது. "நிறுவனம் இனி உன்னைப் பார்க்காது, நீயே உன்னைப் பார்த்துக்கொள்" என்பதைத்தான் உற்சாகமான வார்த்தைகளில் சொன்னார்கள். 2003இல் லிங்க்டின் வந்தபோது அதற்கு ஒரு கடைத்தெருவும் கிடைத்தது.

சொல் அதைவிடப் பழசு. ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் முதலில் நெருப்பு, பிறகு நெருப்பில் காய்ச்சின இரும்பால் வைக்கிற அடையாளம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாடு வைத்திருக்கிற ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் அதைக் குறி சுடுதல் என்கிறோம். மாட்டின்மேல் சுட்ட எழுத்து மாட்டின் பேரல்ல, சொந்தக்காரரின் பேர். இதை மனதில் வைத்துக்கொண்டு கிளாஸ்கோவுக்குப் போவோம்.

பன்றியும் கண்ணாடியும்

தோமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்துக்காரர். கிளாஸ்கோவில் ஒரு ஏழைக் குடியிருப்புப் பகுதியில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். பொடியன் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, கடைகளில் எடுபிடி வேலையும் கப்பலில் வேலையும் செய்தான். பதினைந்து பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் போய்ப் புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் உழைத்தான். கடைசியாக நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் பலசரக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. பொருளை அடுக்குவது, வெளிச்சம் போடுவது, வருகிற ஆளோடு கதைப்பது எல்லாமே விற்பனைதான் என்பதை அங்கே கண்டுகொண்டான்.

1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். விற்றது பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை. எந்த மூலைக்கடையிலும் கிடைக்கிற சாமான்தான். வேறாகத் தெரிய வேண்டுமே! கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, ரிபன் கட்டி, 'லிப்டனின் அநாதைகள்' என்று எழுதித் தெருவால் நடத்திக்கொண்டு போக வைத்தார். கடையில் இரண்டு கோணல் கண்ணாடிகள் வைத்தார். உள்ளே வரும்போது மெலிந்து தெரிகிற ஆள், வெளியே போகும்போது கொழுத்துத் தெரிவார். 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு இராட்சதப் பாற்கட்டி இறக்கி, அதற்குள் தங்க நாணயங்களை ஒளித்து வைத்து வெட்டி விற்றார். சனம் முட்டி மோதியது. மறுநாள் பத்திரிகைகளில் அவர் பேர்.

சும்மா கூத்து என்று இதைத் தள்ளிவிட ஏலாது. அவர் இடைத்தரகர்களை விட்டுவிட்டு அயர்லாந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினார். அதனால் மற்றக் கடைகளைவிட மலிவாக விற்க முடிந்தது. கடை சுத்தம், கணக்கு சுத்தம். தொடக்கத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு தானே நின்று விற்றார். ஆக, பேருக்குப் பின்னால் சரக்கு இருந்தது. 1880களின் கடைசியில் பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ 300 கடைகள். எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே பேர்.

தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு

அந்தக் காலத்தில் பிரிட்டனில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி, நிறுத்துக் கடுதாசியில் சுற்றிக் கொடுப்பார்கள். கலப்படப் பயம் எப்போதும் உண்டு. விலை இறாத்தலுக்கு மூன்று சிலிங் அளவில். லிப்டன் ஒரு சிலிங் ஏழு பென்சுக்கு இறக்கினார். நிறை குறித்த பக்கெற்றுகளில் அடைத்து, மேலே தன் பேரைப் போட்டார். ஒவ்வொரு நகரத்தின் தண்ணீருக்கும் ஏற்றமாதிரிக் கலவை செய்கிறேன் என்று விளம்பரம் செய்தார். சாதாரணத் தொழிலாளிக் குடும்பம் நம்பி வாங்கக்கூடிய தேயிலை அது. பக்கெற்றில் இருந்த பேர் ஒரு உத்தரவாதம்.

1890இல் கொழும்பில் வந்து இறங்கினார். கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்துவிட்டிருந்த காலம், தோட்டங்கள் மலிவு. அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். பிறகு உலகம் முழுக்கப் போன வாசகம்: தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு.

இந்த இடத்தில்தான் பிராண்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். லிப்டனுக்குத் தோட்டம் இருந்தது உண்மை. ஆனால் அவருடைய கடைகள் விற்ற தேயிலையில் ஒரு பகுதிதான் அந்தத் தோட்டங்களில் விளைந்தது. மிச்சம் சந்தையில் வாங்கிக் கலந்தது. வாசகம் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. பக்கெற்றை வாங்கிய ஆளின் மனதில் மட்டும் ஒரே ஒரு படம்: ஒரு மலை, ஒரு முதலாளி, ஒரு கோப்பை. விளம்பரப் படங்களில் கூடையோடு கொழுந்துப் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே பேர் எதுவும் எழுதப்படவில்லை.

பிறகு அவர் தேயிலையை விட்டுத் தன்னையே விற்கத் தொடங்கினார். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு, ஏழைகளுக்கான விருந்து நிதிக்கு 25,000 பவுண் கொடுத்தார். அடுத்த வருசம் 'சேர்' பட்டம். 1899 தொடக்கம் 1930 வரை, அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பல் போட்டியில் ஐந்து தரம் 'ஷாம்ரொக்' என்ற பேரில் கப்பல் விட்டு, ஐந்து தரமும் தோற்றார். தோற்றாலும் சிரித்தார். அமெரிக்கர்களுக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துப்போனது. கடைசித் தோல்விக்குப் பிறகு காசு சேர்த்து ஒரு தங்கக் கிண்ணமே செய்து கொடுத்தார்கள். கப்பல்காரத் தொப்பியோடு அவருடைய முகம் தேயிலைப் பெட்டிகளில் ஏறியது. தோல்வியைக்கூட விளம்பரமாக்கலாம் என்பதை அவரிடமிருந்துதான் படிக்க வேணும்.

1931இல் அவர் இறந்தார். பேர் இறக்கவில்லை. அது கைமாறி யூனிலீவரிடம் போனது. 2022இல் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றபோது, அந்தப் பேரும் அதோடு போனது. நன்றாகக் கட்டின பேரை, ஆள் போன பிறகும் விற்கலாம்.

நட்டவர் யார்?

இப்போது இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர். ஜேம்ஸ் டெயிலர் 1852இல், பதினேழு வயதுகூட நிரம்பாமல் இலங்கைக்கு வந்தவர். கண்டிக்குத் தெற்கே, ஹேவாஹெட்ட மலைகளில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிரானது அங்கிருந்துதான். பங்களா விறாந்தையே அவருடைய முதல் தொழிற்சாலை. மேசையில் வைத்துக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரியால் வாட்டினார்கள். 1872இல் ஒழுங்கான தொழிற்சாலை ஒன்றை அமைத்து, தானே வடிவமைத்த உருட்டும் இயந்திரத்தையும் வைத்தார்.

டெயிலர் தன்னை விளம்பரப்படுத்தின ஆளல்ல. வாழ்க்கை முழுக்க அநேகமாக அந்த ஒரே தோட்டத்திலேயே கழிந்தது. லிப்டன் கொழும்பில் இறங்கி இரண்டாவது வருசம், 1892இல், முதலாளிமார் டெயிலரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அவர் பங்களாவை விட்டுப் போக மறுத்தார். சில நாட்களில் வயிற்றுளைவு கண்டு இறந்துபோனார். தோட்டத் தொழிலாளர்கள்தான் முறை மாற்றிச் சுமந்துகொண்டு கண்டிக்குப் போய் மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

பட்டறைகளில் சொல்லுகிற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வேலை செய்தவர் டெயிலர், பேர் எடுத்தவர் லிப்டன். ஆகவே வேலை செய்தால் மட்டும் போதாது, சொல்லவும் தெரிய வேணும்.

சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேலே நாங்களே எழுதின வசனத்தைத் திருப்பிப் பாருங்கோ: "டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார்." ஒரு ஆளா நட்டார்? காட்டை வெட்டினது ஆர்? குழி தோண்டினது ஆர்? விறாந்தையில் கொழுந்தை உருட்டின கைகள் ஆருடையவை? டெயிலருக்காவது கல்லறையில் எழுத்தும் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பந்தியும் உண்டு. அவருடைய பாடையைத் தூக்கின ஆட்களுக்கு அதுவும் இல்லை.

தகர வில்லையும் துண்டும்

அந்த ஆட்கள் திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் இறந்தவர்களின் பேர்களை எந்த இடாப்பும் எழுதி வைக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலேயே ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கிற முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்டுகிற எழுத்தும் எண்ணும் அதில் அடித்திருக்கும். அந்த வில்லையைக் காட்டினால் பயணம் இலவசம், செலவு தோட்டத்தின் கணக்கில். நாங்கள் முதலில் சொன்ன குறி சுட்ட மாடு ஞாபகம் வருகிறதா?

அதற்கு முதலே 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கிற கடுதாசி. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பிக்க நாங்கள் சீ.வி. கொண்டு திரிகிறோம். அதில் எங்களுக்கு என்ன தெரியும் என்று இருக்கும். துண்டில் தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று இராது, எவ்வளவு கடன் என்று இருக்கும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

'பேர்' என்ற சொல்லும் இந்த வழியால்தான் வந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற ஆளின் பேரைக் கணக்கப்பிள்ளை செக்றோலில் பதிவார். பேர் விழுந்தால் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தாலோ, நேரம் பிந்தினாலோ அரைப்பேர். கொஞ்சம் கொஞ்சமாகப் பேர் என்ற சொல் ஆளை விட்டுக் கழன்று, கூலியின் அளவாகப் போய்விட்டது. அப்புத்தளை மலையில் ஒருத்தரின் பேர் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே மலையில் மற்றவர்களின் பேர் பாதியாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

தொழிலாளி ஒருவரின் பேர் நாடு முழுக்கக் கேட்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? 1940 ஜனவரி 10ஆம் திகதி, டெயிலர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்ட மலைகளில், முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். முல்லோயா கோவிந்தன் என்று அவரை இன்றைக்கும் மலையகம் நினைவுகூருகிறது. அந்தப் பேர் தெரிவதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டம் மிச்சப் பேர்களையும் பார்த்துக்கொண்டது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். வாக்காளர் இடாப்பிலிருந்தும் பேர் போனது. குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தில் ஓரளவு தீர்ந்ததே 2003இல்தான்.

தன் பேரை வேறு விதமாகப் பாவித்த ஆட்களும் அந்த மலைகளில் இருந்தார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகைக்காரர். தோட்டங்களுக்குள் வெளியாட்களை விடாத காலத்தில், புடைவை வியாபாரி மாதிரி உள்ளே போய் நிலைமையைப் பார்த்துவந்து எழுதினார். பிறகு தொழிற்சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். அவர்களுக்கும் பேர் கிடைத்தது. மற்றவர்களின் நிலைமையைச் சத்தமாகச் சொன்னதால் கிடைத்த பேர் அது.

அப்ப, பிராண்ட் வேண்டாமா?

அப்படிச் சொல்ல நாங்கள் வரவில்லை. பேர் கட்டாதே என்று சொல்வது, ஏற்கெனவே பேர் உள்ளவர்களுக்குத்தான் லேசு. எங்கட சமூகத்தில் பிறப்போடு வருகிற பிராண்டுகள் கனக்க உண்டு: படிச்ச பள்ளிக்கூடம், ஊர், குடும்பம், வெளியே சொல்லாத சாதி. நேர்முகத் தேர்வில் "எந்தப் பள்ளிக்கூடம்?" என்ற கேள்விக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இன்னும் எத்தனையோ தோட்டங்களில் வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வருகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்தினால் ஒரு வேலையே போகும். அப்படியான இடத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு, தன் பேரில் தானே ஒரு பக்கம் திறந்து "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று எழுதக் கிடைப்பது சின்ன விசயமல்ல. லிப்டனும் பின்புலம் இல்லாமல் வந்த பொடியன்தான். அவரிடம் படிக்கலாம்: உன் வேலையை நீயே சொல்லு, சொல்லுகிற பேருக்குப் பின்னால் சரக்கை வை.

படிக்கக் கூடாதது எது என்பதிலும் நாங்கள் தெளிவாக இருக்க வேணும். 'நேரே தோட்டத்திலிருந்து' என்ற வாசகத்தில் மறைந்துபோன ஆட்களை, எங்கட சீ.வி.யிலும் மறைக்கக் கூடாது. ஆறு பேர் சேர்ந்து செய்த ஆய்வை "நான் செய்தேன்" என்று எழுதுகிறோம். கனிஷ்டர் தயாரித்த ஸ்லைடை எங்கட பேரில் காட்டுகிறோம். அந்த இடங்களிலெல்லாம் ஆரோ ஒருவருக்கு நாங்கள் அரைப்பேர் போடுகிறோம்.

வேறு ஆட்களைச் சொல்லுவானேன். இந்தக் குழுவில் நாங்களே அதைச் செய்திருக்கிறோம். வாய்மொழி வரலாறு எண்டு போய், ஒரு அம்மாவோட இரண்டு மணித்தியாலம் இருந்து, அவர் போட்ட தேத்தண்ணியையும் குடிச்சிட்டு, அவருடைய வாழ்க்கையை எழுதிப் போட்டோம். தலைப்புக்குக் கீழே எங்கட பேர். உள்ளே அவர் 'ஒரு மூதாட்டி'. பாதுகாப்புக்காகப் பேரை மறைக்க வேண்டிய இடங்கள் உண்டு, அது வேறு. அன்றைக்கு அப்படி ஒரு தேவை இருக்கவில்லை. "உங்கட பேரைப் போடட்டுமா அம்மா?" என்று நாங்கள் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். இனிக் கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம். படம் எடுத்தவர், மொழிபெயர்த்தவர், வழி காட்டின ஓட்டோக்கார அண்ணர் வரைக்கும், விருப்பம் கேட்டு, பேர் போட்டு எழுதுவது.

எங்கட தோழி அந்தக் கிழமையே லிங்க்டினில் கணக்குத் திறந்தாள். படிப்பு, அனுபவம், தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டாள். தன்னைப் பற்றி எழுதுகிற இடத்தில் முதல் வரியாகத் தன் அம்மாவின் முழுப்பேரையும், அவர் கொழுந்து எடுத்த வருசக் கணக்கையும் எழுதினாள். இப்படியெல்லாம் எழுதினால் வேலை தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டோம்.

"வேலை கெடைக்குதோ இல்லையோ, அம்மா பேரு முழுசா ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்" என்றாள்.